பின்சீட்டைப் பார்க்கும் கண்ணாடி

அரை மணி நேரம் பேரம் பேசியும் கார் தரகர் ஒரு பைசா இறங்கவில்லை. எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"ஓட்டிப் பார்த்துட்டுப் பேசுங்க சார்" என்று சாவியை நீட்டிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

நடுக்கண்ணாடி பின்சீட்டின் இடது மூலையைப் பார்த்தபடி இருந்தது. பின்னால் வரும் வண்டிகள் தெரிகிற மாதிரித் திருப்பினேன். முதல் வளைவிலேயே பழைய இடத்துக்குப் போய்விட்டது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் போனது.

"ஒரு கண்ணாடியக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியலையா உங்களுக்கு?" பக்கத்தில் இருந்த மனைவி தன் பங்குக்குக் கடுப்பேற்றினாள்.

திரும்பி வந்ததும் அதையே பிடித்துக்கொண்டேன். "கண்ணாடியே நிக்காத வண்டிக்கு இந்த விலையா?"

தரகர் முகம் மாறியது. நான் கேட்டதற்கும் கீழே இறங்கினார்.

"வேற கண்ணாடி மாட்டித் தரலாமே?"

"மூணு தடவை மாத்தியாச்சு சார்."

கிடைத்தவரை லாபம் என்று முடித்தேன். நேராகப் பள்ளிக்கூடம் போனோம். மகள் பின்சீட்டில் ஏறி, இடது மூலையில் உட்கார்ந்தாள். கண்ணாடி முழுக்க அவள் முகம். இனி அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

சிக்னலில் வண்டி நின்றது. வெயில் அடிக்கிறதென்று மகள் வலது பக்கம் நகர்ந்தாள்.

கண்ணாடியும் நகர்ந்தது.