பாட்டுக்காக ஒரு படம்

"இளவரசி பாடிக்கிட்டே காட்டுக்குள்ள போற கார்ட்டூனா? எனக்குப் பத்து வயசாச்சுப்பா!" தியேட்டர் இருக்கையில் உட்கார்ந்த பிறகும் மகள் முணுமுணுத்தாள்.

"பழைய படம், மறுபடியும் தியேட்டர்ல போட்டிருக்காங்க. அப்பாவுக்காக ஒரு தடவை பாரு கண்ணு."

"சாபம் குடுப்பாங்க, ராஜகுமாரன் வருவான், கல்யாணம் நடக்கும். இதுல பாக்க என்ன இருக்கு?"

"பாட்டு இருக்கு. அதுக்காகவே பாக்கலாம்."

"அம்மாவுக்கே இந்தப் படம் பிடிக்காது. டிவியில வந்தாலே எழுந்து போயிடுவாங்க."

"இன்னிக்கு டிக்கெட் எடுத்ததே அம்மாதான்."

மகள் வியப்புடன் திரும்பினாள். மறுபக்கம் அமர்ந்திருந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் அணைந்தன. சற்று நேரத்தில் இளவரசி ஆற்றங்கரையில் நின்று பாடத் தொடங்கினாள். அரங்கில் சளசளத்துக்கொண்டிருந்த குழந்தைகள்கூட அடங்கிப்போனார்கள்.

"குரல் ரொம்ப நல்லா இருக்குப்பா. யாரு பாடினது?"

அப்பா குனிந்து மகளின் காதருகே சொன்னார்.

"உங்க அம்மா."

மகள் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பிறந்த ஆறாவது மாதம் தொண்டையில் புற்றுநோய் என்று அம்மாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கைச்சாடையில் பேசும் அம்மாவை மட்டுமே அவளுக்குத் தெரியும்.

"நீ வயித்துல இருக்கும்போது பாடினது. இத்தனை வருஷமா அம்மா உன்கிட்ட சொல்லவே விடலை. நேத்துதான் மனசு வந்துச்சு."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்தது.

"அவ்வளவுதானாப்பா?"

"இன்னும் ஆறு பாட்டு இருக்குடா."