மூன்று ராஜா

சேர்வராயன் மலையின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க அறிவிப்பை எஸ்டேட் முதலாளி சந்திரசேகர் போன வாரம் வெளியிட்டார். இனி அவருடைய பங்களாவில் ரம்மி கிடையாது, போக்கர் மட்டுமே.

முதல் ஆட்டத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தனபால். வெள்ளிக்கிழமை வாழவந்தியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குத்த மாட்டார்கள். லீவு கிடைப்பது இந்த ஆட்டத்தில்தான் இருந்தது. அதனால்தான் எந்தச் சீட்டுக்கு எது பெரிது என்று வாரம் முழுக்க செல்போனில் படித்திருந்தான்.

“டெக்சாஸ் போக்கர், ஒமாஹா போக்கர் எல்லாம் கத்துக்குட்டிங்க ஆடறது.” என்றார் முதலாளி. “நாம ஆடப்போறது லோபால். தெரியுமாப்பா?”

தெரியாது என்றால் விளக்கம் இருட்டும்வரை நீளும். “தெரியுங்க” என்றான் தனபால்.

ஐந்து சீட்டைப் பிரித்தால் மூன்று ராஜா; படித்தபடி பார்த்தால் ஜெயிக்கிற சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றார் முதலாளி. தனபால் மூன்று ராஜாவையும் போட்டான். அவன் தோற்றால்தானே லீவு? ஜெயித்த மயக்கத்தில் மட்டும்தான் முதலாளி கேட்டதைக் கொடுப்பார்.

புதிதாக வந்தவையும் உருப்படாத சீட்டுகள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்று நிம்மதியாக விரித்து வைத்தான்.

முதலாளி எழுந்து கைகொடுத்தார்.

“லோபால்ல சின்ன சீட்டுதாம்ப்பா ஜெயிக்கும். இதுக்கு மேல ஒசந்த சீட்டே இல்ல. வெள்ளிக்கிழமை கோவாவுல போட்டி. எங்கூட நீயும் வர்றே.”

“ஏனுங்க, அன்னைக்குக் காதுகுத்துங்க...”

“கம்மல் அங்க நொம்ப நல்லா கிடைக்கும், வாப்பா.”

வெள்ளிக்கிழமை வாழவந்தியில் யாருக்கும் காது குத்தவில்லை. கோவாவில் யாரும் லோபால் ஆடவும் இல்லை.