மதகுக் கட்டை

ஊர்ப்பாலம் உடைந்துபோனதால்தான் மாசிலாமணி தன் மனைவி பவளக்கொடியை முதன்முதலாகத் தோணியில் ஏற்றினான். தண்ணீரென்றாலே அவளுக்குப் பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குறுக்குவழியென்று ஆற்றைவிட்டு, யாரும் புழங்காத பழைய கால்வாய்க்குள் திரும்பும் இடத்தில் மதகுக் கட்டையொன்று தலையில் இடிக்கும். அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் குனிந்து நிமிர்ந்துவிட்டாள். எவன் எத்தனை தடவை சொல்லியிருந்தால் அந்தக் கழுத்து இப்படிப் பழகியிருக்கும்?

"இந்தப் பக்கம் முன்னாடி வந்திருக்கியா?"

"தோணியில ஏறினதே இன்னைக்குத்தானே," என்றாள்.

மீன் பிடிக்க அவன் வந்ததெல்லாம் இந்த மதகு வரைக்கும்தான். அதற்கப்பால் அவனுக்கே புதிது. துடுப்பு வலித்தான். இருபுறமும் கோரை உரசியது.

"குனிஞ்சுக்குங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இன்னொண்ணு வருது."