முடுக்கிவிட்ட வேகம்

பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரின் பிராசசரை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்த மச்சானிடம் அளந்துகொண்டிருந்தார்.

"ஒரு வாரமாச்சு. என்னமா பறக்குது தெரியுமா? ஒரு தடவைகூட ஹேங் ஆகல, சூடும் ஏறல. புதுசு வாங்குறவன் எல்லாம் ஏமாளி!"

"அக்கா என்ன சொல்றா, அத்தான்?"

"அவளுக்கு என்ன தெரியும்? பட்டனைத் தட்டத் தெரியும். உள்ளே நடக்குறதெல்லாம் மூளை இருக்குறவனுக்குத்தான் புரியும்."

அதே கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தம்பியிடம் சொன்னாள்.

"முதல் நாளே ரெண்டு தடவை ஹேங் ஆகி, நான் போட்ட படமெல்லாம் போச்சுடா. அன்னைக்கே செட்டிங்ஸைப் பழையபடி மாத்திட்டேன். பாவம், ரசிச்சுக்கிட்டு இருக்காரேன்னுதான் சொல்லல."