சிகாமணியின் அழுகுணி ஆட்டம்

வியாசர்பாடி கேரம் கிளப்பில் மூன்று வருஷமாக ஜெசிந்தாவுக்கு எதிரே உட்கார்ந்து ஆடிவந்த இயந்திரம், இன்று காலைதான் முதன்முறையாகத் தோற்கும் நிலைக்கு வந்தது. அவள் பலகையில் தூவப் போரிக் பவுடர் எடுக்கத் திரும்பிய நொடியில், அது தன் காய் ஒன்றை விரலால் மெல்லக் குழிப்பக்கம் தள்ளிவிட்டது.

"டேய் சிகாமணி! அழுகுணி ஆட்டமா ஆடுற?"

அவள் போட்ட கூச்சலில் கிளப்பே திரண்டுவிட்டது. அரைமணியில் கம்பெனி மெக்கானிக் அன்வரும் பெட்டியோடு வந்துவிட்டான்.

"கோளாறுக்கா. உள்ள இருக்கிற நினைவு எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடுறேன்."

"மனசு இருக்கிறதை அழிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?"

"இதுக்கு ஏதுக்கா மனசு?"

ஜெசிந்தா இயந்திரத்தின் முன் குனிந்தாள். "காயைத் தள்ளினியா?"

எதைக் கேட்டாலும் உடனே உள்ளதைச் சொல்லிவிடும் சிகாமணி, இப்போது பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சன்னமாகச் சொன்னது:

"கை தெரியாம பட்டுச்சுக்கா."

ஜெசிந்தா சட்டென்று நிமிர்ந்தாள். இந்தப் பலகையில் அழுகுணி ஆடி மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் சொன்ன அதே பொய்!

"பாத்தீங்களா? அதுவே ஒத்துக்கிச்சு, கோளாறுதான்" என்று அன்வர் பெட்டியைத் திறந்தான்.

அவள் அதைப் பட்டென்று மூடினாள். "கோளாறு எங்கயாச்சும் வெக்கப்படுமா தம்பி? பொய் சொல்லுதுப்பா, நம்மள மாதிரியே!"

காயைப் பழைய இடத்தில் வைத்தாள். "ஆடுடா. இன்னிக்கு நீ தோக்கப்போற."

சிகாமணி ஸ்ட்ரைக்கரை எடுத்தது. இந்தத் தடவை அதன் விரல் நிஜமாகவே நடுங்கியது.