ரத்து செய்யப்படாத நிகழ்ச்சி

மெல்பர்னில் அன்று நாற்பது டிகிரி வெயில். யூத அருங்காட்சியகத்தின் முன்கண்ணாடியை முந்தின நாள் யாரோ கல்லெறிந்து உடைத்திருந்தார்கள். உள்ளே, நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்த ஐரோப்பியக் குளிர்நகரமான வில்னாவின் பழைய நாடகச் சுவரொட்டிகள் கண்காட்சியில் இருந்தன. அதையொட்டி மதியம், அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் பாட்டு நிகழ்ச்சி.

"ரத்துன்னு ஒரு அட்டை மாட்டிடு ஃப்ரேடா," என்றார் நிர்வாகக்குழுத் தலைவர் லியோன், போனில்.

"நீங்க வீட்ல ஃபேனைப் போட்டுப் படுங்க. நான் பாடப் போறேன்," என்றாள், நிகழ்ச்சிகளை நடத்தும் ஃப்ரேடா.

அறுபது நாற்காலிகள் போட்டிருந்தாள். வாசல் காவலர் ஹெர்ஷ் எண்ணிவிட்டு வந்தார்.

"நாலு பேர். அதுல ரெண்டு பேர் ஏசிக்காக வந்திருப்பாங்க."

ஃப்ரேடா ஒரு நாற்காலியைக்கூட எடுக்கவில்லை. பியானோ முன் அமர்ந்து ஒரு மணி நேரம் பாடினாள். எல்லோரும் சேர்ந்து பாடும் வரிகளில் எழுந்த குரல் நான்கு பேருடையதாக மட்டும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

நால்வரும் போனபிறகு ஹெர்ஷ் அவளைக் கூப்பிட்டார். வாசலருகே கோட்டு மாட்டும் கொக்கிகள் ஒன்றுவிடாமல் நிறைந்திருந்தன. எல்லாம் பழங்காலத்துக் கம்பளிக் கோட்டுகள். அவற்றின் தோள்களில் வெண்பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை.

"வேற யாரும் உள்ள வரல ஃப்ரேடா. நான் வாசலை விட்டு நகரவே இல்ல."

போன் அடித்தது. "எத்தனை பேர் வந்தாங்க?" என்றார் லியோன். "அடுத்த வாரத்தையாவது நிறுத்தலாம்ல?"

ஃப்ரேடா ஒரு கோட்டின் காலரைத் தொட்டாள். விரல் சில்லிட்டது.

"கொக்கி பத்தல லியோன்," என்றாள். "அடுத்த வாரத்துக்குள்ள இன்னும் நிறைய அடிக்கணும்."