குடும்பத்துக்கு அனுமதி இல்லை

"சனிக்கிழமைதான். வேற கிழமைக்கு மாத்த முடியாது" என்றார் ஹரிகிருஷ்ணன்.

நோணாங்குப்பத்தில் ஒருவர் கட்டவிருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வரைபடம் போடும் வேலை அவருடைய அலுவலகத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன், சென்னை போகிற வழியிலுள்ள பெரிய தீம் பார்க்கைப் போய்ப் பார்த்து வர ஏற்பாடு.

"பாத்துட்டு வர்றது இல்ல, ஆராய்ஞ்சுட்டு வர்றது" என்று, யாரோ சொன்னதையும் திருத்தினார். அடுத்தவர் வாக்கியத்தை அவர் திருத்தாமல் விட்டால், அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமே சார்? கூட்டம் கம்மியா இருக்கும்" என்று சரிதா மெல்லக் கேட்டாள்.

"கூட்டமே இல்லாத பார்க்ல எதம்மா ஆராயறது? புல்லையா?"

"அதில்ல சார், சனிக்கிழமை வீட்ல பொண்ணு..."

"குடும்பக் கதை வேணாம். எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன். யாரும் குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாது. இது சுற்றுலா இல்ல."

சரிதா இருக்கைக்குத் திரும்பினாள். பக்கத்து மேசை ஜலால் தலையை நீட்டினான்.

"பொண்ணு துர்காவை அன்னிக்குப் படகு சவாரிக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தீங்களேக்கா?"

"அப்படிச் சொல்லித்தான் அவ அழுகையையே நிறுத்தினேன். போன வாரமே உன்கிட்ட சொல்லி அழுதேனே, ஸ்கூல்ல இதே பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு. எட்டு வயசு, ஆனா அஞ்சு வயசு உயரம். கம்பத்துல போட்ட கோட்டுக்கு எட்டலன்னு ஒரு ராட்டினத்துலயும் ஏத்தல. இப்ப அங்கயே நான் போறேன்னு அவகிட்ட எந்த மூஞ்சியோட சொல்வேன்?"

"ஈவு இரக்கமில்லாத மனுஷன்!" என்றான் ஜலால், கொஞ்சம் சத்தமாகவே.

சரிதா மகளிடம் பொய்தான் சொன்னாள். ஆபீஸ் வேலை, சாயங்காலம் வந்துடுவேன்.

சனிக்கிழமை காலை சாரம் பகுதியில் இருந்த அவள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. மகளைப் பக்கத்து வீட்டு செல்வாம்பாளிடம் விடுவதற்காகக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள் சரிதா. வேனிலிருந்து இறங்கினார் ஹரிகிருஷ்ணன்.

"பாப்பா ஏன் இன்னும் கிளம்பல?"

"சார்... குடும்பத்தைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு நீங்கதானே..."

"குடும்பம் வரக் கூடாதுன்னேன். ஆய்வாளர் வரக் கூடாதுன்னு எப்ப சொன்னேன்?"

முழங்கால் வலியோடு துர்காவின் முன்னால் குனிந்தார்.

"பாப்பா, நாங்க புதுசா ஒரு பார்க் கட்டப் போறோம். அங்க உன்னை எதுலெல்லாம் ஏத்தலன்னு எங்களுக்குக் காட்டணும். நம்ம பார்க்ல ஒவ்வொண்ணையும் உன் உயரத்துக்கு எப்படிச் செய்யலாம்னு சொல்லணும். எங்க ஆபீஸ்ல இந்த வேலைக்கு ஏத்த ஆளே இல்ல. எல்லாரும் வளந்துட்டாங்க."

துர்கா யோசித்தாள்.

"அன்னிக்கு மாதிரி எல்லாரோட செருப்பையும் நான்தான் பாத்துக்கணுமா?"

சரிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவளிடம்கூட மகள் சொல்லவில்லை.



"செருப்பை ஜலால் பாத்துப்பான்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

வேனுக்குள்ளிருந்து, "பாத்துக்கறேன் பாப்பா!" என்று குரல் வந்தது.

துர்கா தாவி ஏறினாள். சரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம்..."

"போன வாரம் நீ ஜலால்கிட்ட சொல்லி அழுதது என் ரூம்வரைக்கும் கேட்டுச்சும்மா. நடுவுல பிளைவுட் தடுப்புதானே. அதுவும் நான் போட்ட டிசைன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். வெள்ளிக்கிழமை வைங்கன்னு உங்ககிட்ட நான் வேற மல்லுக்கு நின்னேன்!"

"வெள்ளிக்கிழமை எப்படிம்மா வைக்கிறது? பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்குமே!"